முதல் பதிப்பு மட்டும்தானா? பழைய பொருளியல் நூல் சேகரிப்பு பற்றி ஓர் இழை

ஜனவரி 4, 2026

நேராக விஷயத்துக்கு வருகிறேன். பழைய பொருளியல் நூல்களைச் சேகரிப்பவர் முதல் பதிப்பைத்தான் தேட வேண்டும். இரண்டாம் பதிப்பையும் மூன்றாம் பதிப்பையும் படிக்க வைத்துக்கொள்ளலாம். சேகரிப்பு என்று தனியாக அடுக்கும் அலமாரியில் அவற்றுக்கு இடமில்லை. பதினோரு வருடமாக இப்படித்தான் வாங்கி வருகிறேன். போன வாரம்கூட ஒரு பழைய புத்தக வியாபாரி, மால்தஸின் மக்கள்தொகைக் கட்டுரையில் 1803 பிரதி ஒன்று வந்திருக்கிறது, வேண்டுமா என்று கேட்டார். "இரண்டாம் பதிப்புதானே" என்று ஒரே வரியில் மறுத்துவிட்டேன்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்றால், புத்தகம் இன்னும் பேர் வாங்காத நாளில் அச்சான தாள் அது. ஆடம் ஸ்மித்தின் 'நாடுகளின் செல்வம்' 1776 மார்ச் 9 அன்று லண்டனில் வெளிவந்தது. வெளியிட்டவர்கள் ஸ்ட்ராஹனும் கடெலும். இரண்டு பெரிய தொகுதி, விலை 1 பவுண்டு 16 ஷில்லிங். ஏப்ரல் 1ஆம் தேதி ஸ்மித்தின் நண்பரும் தத்துவவாதியுமான டேவிட் ஹ்யூம் அவருக்கு எழுதிய கடிதத்தில் மனம் நிறைந்த பாராட்டும் இருக்கிறது, ஒரு சந்தேகமும் இருக்கிறது: இதைப் படிக்க இவ்வளவு கவனம் தேவைப்படுகிறதே, மக்களிடம் உடனே எடுபடுமா? அந்தச் சந்தேகம் தீராத நாட்களில் ஒருவர் காசு கொடுத்து வாங்கிப்போன பிரதியைக் கையில் பிடிப்பது வேறு விஷயம். 1778இல் இரண்டாம் பதிப்பு வரும்போது அந்தப் படபடப்பு போய்விட்டது.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

ஜனவரி 5

ஸ்மித்தின் முதல் பதிப்பை எப்படி அடையாளம் காண்பது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் அது இல்லை, என் சம்பளத்தில் வரப்போவதும் இல்லை. ஆனால் ஒரு நூலகத்தின் அரிய நூல் அறையில் இரண்டு மணி நேரம் அதோடு உட்கார்ந்திருக்கிறேன். பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு பென்சில் கொடுத்தார்கள். புத்தகம் முழுதாக விரியாதபடி இரண்டு பக்கமும் ஸ்பாஞ்சு முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

முதலில் ஒரு தாளை மட்டும் மெல்லத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். கையால் செய்த காகிதம். சல்லடைக் கம்பியின் தடம் வரிவரியாகத் தெரிகிறது. அகலமான இடைவெளியில் ஓடும் கம்பித் தடங்கள் பக்கத்தில் கிடைமட்டமாகப் போகின்றன. முழுத்தாளை இரண்டு முறை மடித்து நான்கு இலையாக்கும் க்வார்ட்டோ அமைப்பில் அவை அப்படித்தான் வரும். எட்டு இலையாக மடிக்கும் ஆக்டேவோவில் செங்குத்தாக நிற்கும். ஒரு பக்கத்தில் மட்டும் தடம் வேறு திசையில் போனாலோ, தடமே இல்லாவிட்டாலோ, அந்த இலை பிறகு செருகப்பட்டது என்று சந்தேகப்படலாம்.

அடுத்தது பாரக் குறிகள். ஒன்றாக மடித்துத் தைத்த இலைகளின் கட்டுதான் பாரம். ஒவ்வொரு பாரத்தின் அடியிலும் ஓர் எழுத்து. அந்தக் கால அச்சகத்தில் இதற்கு 23 எழுத்துதான்: ஜே, வீ, டபிள்யூ கிடையாது. பார வரிசை தெரிந்தால் எந்த இலை காணவில்லை என்று பக்க எண்ணைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

அப்புறம் என்னை அப்படியே நிறுத்திய விஷயம். முதல் தொகுதியில் 'எம்' என்ற எழுத்துள்ள பாரத்தின் மூன்றாம் இலை இருக்கும் இடத்தில் தையலோரமாக விரலால் தடவினால் மெல்லிய துண்டு ஒன்று தட்டுப்படுகிறது. அச்சான இலையை வெட்டி எடுத்துவிட்டு, திருத்தி அச்சடித்த இலையை அந்த அடிக்கட்டையில் ஒட்டியிருக்கிறார்கள். க்யூவின் முதல் இலை, யூவின் மூன்றாம் இலை என்று முதல் தொகுதியில் இப்படி ஆறு, இரண்டாம் தொகுதியில் இரண்டு. புத்தகம் அச்சகத்தில் இருக்கும்போதே திருத்தம் நடந்திருக்கிறது. அந்த அடிக்கட்டையை விரலால் தொட்டது இன்றும் நினைவில் இருக்கிறது.

மற்றவை சுருக்கமாக. முதல் தொகுதி 510 பக்கம், இரண்டாவது 587 பக்கம். நூலின் பெயரை மட்டும் தாங்கும் அரைத்தலைப்பு இலை இரண்டாம் தொகுதியில் மட்டும்தான் உண்டு. முதல் தொகுதியிலும் ஒன்று இருந்தால் மகிழ்ச்சியடைய வேண்டாம், அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். 1778 பிரதியில் தலைப்புப் பக்கத்திலேயே இரண்டாம் பதிப்பு என்று இருக்கும். ஆனால் உயரமும் பதிப்பாளரும் ஒன்றே என்பதால், முதல் தொகுதி 1776, இரண்டாம் தொகுதி 1778 என்று ஜோடி சேர்த்து விற்பதுண்டு. இரண்டு தலைப்புப் பக்கங்களையும் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

மார்க்ஸின் 'மூலதனம்' முதல் தொகுதி: 1867 செப்டம்பர், ஹாம்பர்கில் அச்சானது, 1000 பிரதி.

ஜனவரி 7

"மூன்று தொகுதியாக 1776 ஸ்மித் ஒன்று பாதிக்கும் குறைந்த விலையில் பார்த்தேன். போலியா?"

போலி இல்லை, டப்ளின் பதிப்பு. 1710இல் இங்கிலாந்தில் வந்த பதிப்புரிமைச் சட்டம் அயர்லாந்துக்கு 1801 வரை பொருந்தவில்லை. ஆகவே லண்டனில் வந்ததைச் சிறிய அளவில், மலிவாக, டப்ளினில் உடனே மறுபடி அச்சுக் கோத்து விற்றார்கள். அயர்லாந்துக்குள் அது சட்டப்படி சரி. தலைப்புப் பக்கத்தில் ஊர்ப் பெயரைப் பாருங்கள், தெரிந்துவிடும். நல்ல புத்தகம்தான், ஆனால் 'முதல் பதிப்பு' என்று மொட்டையாகச் சொல்லி விற்றால் அது பாதி உண்மை. முதல் அயர்லாந்துப் பதிப்பு என்று சொல்ல வேண்டும்.

ஜனவரி 8

திருத்தம். 'மூலதனம்' ஹாம்பர்கில் அச்சானது என்று எழுதியிருந்தேன். தவறு. ஹாம்பர்கில் இருந்தது பதிப்பாளர் ஓட்டோ மைஸ்னர். அச்சடித்தது லைப்சிக்கில், ஓட்டோ வீகாண்ட் அச்சகம். சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. பதிப்பாளர் ஊரையும் அச்சக ஊரையும் குழப்பக்கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவன் நான், இன்னும் கவனமாக இருந்திருக்க வேண்டும்.

ஜனவரி 15

ஏமாந்த கதை கேட்டீர்கள். சொல்கிறேன்.

கெய்ன்ஸின் 'பொதுக் கோட்பாடு', மேக்மில்லன், 1936 பிப்ரவரி. மாணவர்கள் வாங்க வேண்டும் என்று விலையை 5 ஷில்லிங்காகக் குறைத்து வைத்த புத்தகம். நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு வியாபாரியின் பட்டியலில் 'முதல் பதிப்பு, மேலுறை இல்லை, பிரதி நல்ல நிலை' என்று இருந்தது. தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தையும் படம் எடுத்துப் போட்டிருந்தார். 'முதல் பதிப்பு 1936' என்ற வரி தெளிவாகத் தெரிந்தது. உடனே பணம் அனுப்பினேன்.

பெட்டியைப் பிரித்து அந்தப் பக்கத்தைத் திருப்பினேன். அதே வரி இருந்தது. அதற்குக் கீழே மறுஅச்சு ஆண்டுகள் வரிசையாக இருந்தன. படத்தை முதல் வரியோடு வெட்டியிருக்கிறார். திருப்பி அனுப்பக் கேட்டபோது, "படத்தில் இருப்பதுதானே புத்தகத்திலும் இருக்கிறது" என்று பதில் வந்தது. ஆறு வாரம் போராடி, பாதிப் பணம்தான் கிடைத்தது. அன்றிலிருந்து முழுப் பக்கமும் நான்கு ஓரமும் தெரியும் படம் இல்லாமல் எதையும் வாங்குவதில்லை.

ஜனவரி 16

மேலுறை பற்றி, அதாவது அட்டைக்கு மேல் போர்த்தும் காகித உறை. இருபதாம் நூற்றாண்டுப் புத்தகங்களில் விலையில் பெரும்பகுதி அந்த ஒரு காகிதத்துக்குத்தான். கெய்ன்ஸுக்கும் அப்படி, 1944இல் வந்த ஹயெக்கின் 'அடிமைத்தனத்துக்கான பாதை'க்கும் அப்படி. போர்க்காலக் காகிதம், வாங்கியவர் முதல் நாளே உறையைக் கழற்றி எறிந்திருப்பார். அதனாலேயே ஸ்கேன் செய்து அச்சடித்த நகல் உறைகள் புழங்குகின்றன. நகல் என்று சொல்லி விற்றால் குற்றமில்லை. சொல்லாமல் போர்த்தி விற்பதுதான் பிரச்சனை.

இரண்டு சோதனை போதும். பத்து மடங்கு லென்ஸ் வைத்து எழுத்தின் ஓரத்தைப் பாருங்கள். பழைய உலோக எழுத்து என்றால் ஓரம் தீர்க்கமாக இருக்கும், மையும் லேசாக அமுங்கித் தெரியும். நகல் என்றால் வண்ணப் புள்ளிகள் இரைந்து கிடக்கும். இரண்டாவது, இருட்டறையில் புற ஊதா விளக்கு. காகிதத்துக்கு வெண்மை கூட்டும் ஒளிர் ரசாயனங்கள் பரவலாக வந்தது 1950ஐ ஒட்டித்தான். 1936 உறை அந்த வெளிச்சத்தில் மங்கலாகக் கிடக்கும். நீலமாகப் பளிச்சென்று ஒளிர்ந்தால் அது நம் காலத்துக் காகிதம்.

உறையோடு ஒரு 'பொதுக் கோட்பாடு' வாங்க மூன்று வருடமாகப் பணம் சேர்த்து வருகிறேன். இன்னும் பாதி தூரம்கூட வரவில்லை.

ஜனவரி 29

ஆல்ஃபிரட் மார்ஷலின் 'பொருளியல் கோட்பாடுகள்', 1890. தலைப்புப் பக்கத்தில் 'தொகுதி 1' என்று இருக்கிறது. இரண்டாம் தொகுதி எங்கே என்று ஒருவர் இரண்டு வருடமாகத் தேடி வருவதாக எழுதியிருக்கிறார். ஐயா, தேட வேண்டாம். இரண்டாம் தொகுதி வரவே இல்லை. இருபது வருடம் வரும் வரும் என்று இருந்துவிட்டு, 1910இல் ஆறாம் பதிப்பில் அந்த 'தொகுதி 1'ஐ எடுத்துவிட்டார்கள். உங்கள் பிரதி முழுமையானது. 'இரண்டாம் தொகுதி இல்லை' என்று குறைத்து விலை போட்ட ஒரு பட்டியலில்தான் என் பிரதியும் கிடைத்தது. வியாபாரியிடம் விஷயத்தைச் சொல்லித்தான் வாங்கினேன், அவர் விலையை மாற்றவில்லை.

தலைப்புப் பக்கம் சொல்வதையெல்லாம் நம்ப முடியாது என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் பதினெட்டாம் நூற்றாண்டுப் பொருளியல் எழுத்தாளர் கன்டியோன். அவருடைய வணிகம் பற்றிய பிரெஞ்சுக் கட்டுரை நூல் 1755இல் வந்தது. 'லண்டன், ஹோல்பர்ன், ஃப்ளெட்சர் ஜைல்ஸ்' என்று போட்டிருக்கிறது. ஃப்ளெட்சர் ஜைல்ஸ் என்ற புத்தக வியாபாரி உண்மையிலேயே இருந்தார். ஆனால் 1741லேயே இறந்துவிட்டார். நூலாசிரியரும் 1734இலேயே போய்விட்டார், லண்டனில் அவர் வீடு தீப்பிடித்து எரிந்தபோது. ஆக, இறந்தவர் எழுதி, இறந்தவர் வெளியிட்ட நூல். பிரான்ஸின் தணிக்கைக்காக அந்தக் காலத்தில் வெளிநாட்டு முகவரி போடுவது வழக்கம். நூல் ஏறக்குறைய மறந்தே போனது. 1881இல் ஆங்கிலப் பொருளியலாளர் ஜெவன்ஸ் அதைப் பற்றிக் கட்டுரை எழுதிய பிறகுதான் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பிப்ரவரி 2

ஜெவன்ஸ் பேர் வந்ததும் ஃபாக்ஸ்வெல்லைச் சொல்லாமல் இருக்க முடியாது. எங்கள் வகையறாவுக்கு அவர்தான் மூத்தவர்.

ஹெர்பர்ட் ஃபாக்ஸ்வெல் பொருளியல் பேராசிரியர். 1875இல் ஜெவன்ஸோடு போனபோது, ஒரு பழைய புத்தகக் கடையில், அவர் சொல்லி, ரயில்வே பொருளியல் பற்றி லார்ட்னர் எழுதிய புத்தகத்தை ஆறு பென்னிக்கு வாங்கினார். அதுதான் தொடக்கம். 1901இல் பொற்கொல்லர் சங்கம் அவருடைய நூலகத்தை 10,000 பவுண்டுக்கு வாங்கியபோது சுமார் 30,000 நூல் இருந்தது. அது லண்டன் பல்கலைக்கழகத்துக்குப் போனது. கொடுத்துவிட்டு மனிதர் ஓய்ந்தாரா என்றால் இல்லை, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். இரண்டாவது சேகரிப்பு ஹார்வர்டின் கிரெஸ் நூலகத்துக்கு அடித்தளமானது.

இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. ஃபாக்ஸ்வெல் முதல் பதிப்பு வேட்டைக்காரர் இல்லை. துண்டுப் பிரசுரம், மறுபதிப்பு, மறுப்பு நூல், யாரும் சீந்தாத எதிர்வாதம், எல்லாம் அவருக்கு வேண்டும். ஒரு வாதம் எப்படி வளர்ந்தது என்பதைப் பின்தொடர்ந்தார். 1936இல் அவர் இறந்தபோது நினைவுக் கட்டுரை எழுதியவர் கெய்ன்ஸ். கெய்ன்ஸும் பெரிய சேகரிப்பாளர்தான். யாரும் கண்டுகொள்ளாத 1740ஆம் ஆண்டுத் துண்டுப் பிரசுரம் ஒன்று ஹ்யூம் எழுதியது என்று, பொருளியலாளர் ஸ்ராஃபாவோடு சேர்ந்து நிறுவி, 1938இல் மறுபதிப்புச் செய்தார். அதற்கு முன்னால் அதை எழுதியவர் ஆடம் ஸ்மித் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1740இல் ஸ்மித்துக்கு வயது பதினேழுகூட முழுதாக நிரம்பவில்லை!

பிப்ரவரி 11

ஒருவர் நேற்று இரண்டே வரி எழுதியிருக்கிறார்: "1838இல் டார்வின் கையில் இருந்த மால்தஸ் எந்தப் பதிப்பு தெரியுமா? 1826இல் வந்த ஆறாம் பதிப்பு."

உண்மைதான். உயிரினங்களின் போராட்டம் பற்றி அவருக்குப் பொறி தட்டியது அந்த ஆறாம் பதிப்பிலிருந்து. என் அலமாரி விதிப்படி அதற்கு இடமில்லை. நான் இதுவரை சொன்னதற்கு இதைவிட நேரான அடி கிடையாது. பதில் யோசிக்க வேண்டும்.

பிப்ரவரி 12

யோசித்தேன். பதில் இல்லை. மார்க்ஸ்கூட 1844இல் பாரிஸில் ஸ்மித்தைப் படித்துக் குறிப்பெடுத்தது கார்னியேயின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பிலிருந்து.

பிப்ரவரி 20

என்னிடம் ரிக்கார்டோவின் 'அரசியல் பொருளாதாரக் கோட்பாடுகள்' ஒன்று இருக்கிறது. மூன்றாம் பதிப்பு, 1821, ஜான் மர்ரே வெளியீடு. சேகரிக்க ஆரம்பித்த புதிதில், பதிப்பு வித்தியாசமே தெரியாமல் வாங்கியது. அரைத்தலைப்பு இல்லை. தோல் பைண்டிங் பின்னால் வந்தவர் போட்டது, முதுகில் பேர்கூடக் கோணல். 1817இல் 750 பிரதியாக வந்த முதல் பதிப்பு அது இல்லை என்று தெரிந்ததும், அலமாரியின் கீழ்த்தட்டில் அகராதிகளோடு வைத்துவிட்டேன். ஒன்பது வருடம் அங்கேயே இருந்தது.

நேற்றிரவு எடுத்தேன். 31ஆம் அதிகாரம், இயந்திரங்கள் பற்றி. முதல் பதிப்பிலும் இது இல்லை, 1819இல் வந்த இரண்டாம் பதிப்பிலும் இல்லை. மூன்றாவதில்தான் வருகிறது. ஆரம்பத்திலேயே ரிக்கார்டோ ஒப்புக்கொள்கிறார்: இயந்திரம் வந்தால் எல்லோருக்கும் நன்மை என்று நம்பியிருந்தேன், அந்தக் கருத்துக்கு ஆதரவும் தந்திருந்தேன், மேலும் யோசித்ததில் என் எண்ணம் கணிசமாக மாறிவிட்டது, ஆகவே அதைச் சொல்லும் கடமை எனக்கு அதிகம். பிறகு நிதானமாக எண்ணிக்கைக் கணக்குப் போட்டு, மனித உழைப்பின் இடத்தில் இயந்திரத்தை வைப்பது தொழிலாளர் வர்க்கத்துக்குப் பல நேரம் பெருங்கேடு என்ற முடிவுக்கு வருகிறார். அவருடைய சீடர் மக்கல்லக் ஆடிப்போய் வருத்தமாகக் கடிதம் எழுதினார். எதிராளிகள் கைகொட்டுவார்களே என்ற கவலை அவருக்கு.

இதுவரை நான் கவனிக்காத ஒன்று என் பிரதியில் இருக்கிறது. அந்த அதிகாரத்தில் மட்டும் ஓரத்தில் பென்சில் கோடு. மிக மெல்லிய கோடு, பக்கத்தைச் சாய்த்துப் பிடித்தால்தான் ஈயம் மினுங்குகிறது. கணக்கு வரும் இடத்தில் அந்த வாசகர் கூட்டிப் பார்த்திருக்கிறார். ஒரு எண்ணைப் போட்டு அடித்துவிட்டு, அடியில் சரியாக எழுதியிருக்கிறார். பேர் இல்லை, தேதி இல்லை. புத்தகத்தில் வேறெங்கும் அவர் கை படவில்லை. இந்த ஒரு அதிகாரத்துக்காகவே வாங்கியவர் போலிருக்கிறது.

புத்தகத்தைக் கீழ்த்தட்டில் திரும்ப வைக்க மனம் வரவில்லை. மேசையிலேயே இருக்கிறது.

பிப்ரவரி 23

இடையில் கேட்ட கேள்விக்கு: கிழிந்த பக்கத்துக்கு செல்லோ டேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். பசை காகிதத்துக்குள் இறங்கிப் பழுப்பாகும், டேப் உதிர்ந்த பிறகும் கறை நிற்கும். ஜப்பானியத் திசுத்தாளும் கோதுமை மாவுப் பசையும்தான் முறை. தெரிந்தவரிடம் கொடுங்கள். பழுப்புப் புள்ளிகளை வெளுக்க வைக்கவும் முயலாதீர்கள், வெளுத்த தாள் உயிரில்லாமல் தொளதொளவென்று ஆகிவிடும்.

மார்ச் 9

இன்றோடு ஸ்மித்தின் நூலுக்கு 250 வயது. முதல் பதிப்பு பற்றி இன்று எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். மூன்றாம் பதிப்பு பற்றி எழுதப்போகிறேன்.

1784. ஆக்டேவோ அளவில் மூன்று தொகுதி. முதன்முறையாகப் பொருளடைவு சேர்ந்தது இதில்தான். அதைவிட முக்கியம், ஸ்மித் புதிதாக எழுதிச் சேர்த்த பகுதிகள். வணிகக் கொள்கை பற்றிய நான்காம் புத்தகத்துக்கு ஒரு புது முடிவு அதிகாரம். ஐந்தாம் புத்தகத்தில், தனியுரிமை பெற்ற வணிகக் கம்பெனிகளின் வரலாறு, அதில் கிழக்கிந்தியக் கம்பெனி பற்றிய நீண்ட பகுதி. பிறர் பணத்தை நிர்வகிக்கும் இயக்குநர்கள் தம் சொந்தப் பணத்தைப் போல அதைக் காக்கமாட்டார்கள் என்று இன்றுவரை எல்லோரும் எடுத்துக்காட்டும் வாதம் அங்கேதான் வருகிறது. 1776 பிரதியிலும் கம்பெனியைக் கடுமையாகத் தாக்கும் இடங்கள் உண்டு. ஆனால் இந்த விரிவான குற்றப்பத்திரிகை அதில் இல்லை. கம்பெனி ஆண்ட மண்ணின் மொழியில் எழுதுகிற எனக்கு எந்தப் பிரதி முக்கியம்? இந்தக் கேள்வியை இத்தனை வருடமாக நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

இன்னொரு அழகான விஷயம். முதல் இரண்டு பதிப்புகளை ஏற்கெனவே வாங்கியவர்கள் மறுபடி முழு நூலுக்குச் செலவழிக்க வேண்டாம் என்று, சேர்க்கைகளையும் திருத்தங்களையும் மட்டும் பழைய க்வார்ட்டோ அளவிலேயே தனியாக அச்சிட்டார்கள். அதைச் சிலர் தம் 1776 பிரதியின் கடைசியில் சேர்த்து பைண்ட் செய்துகொண்டார்கள். அப்படி ஒரு பிரதி கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஜனவரியில் என்னிடம் காட்டியிருந்தால் 'பின்னால் ஏதோ சேர்த்திருக்கிறார்கள்' என்று குறை சொல்லியிருப்பேன்.

மார்ச் 14

"ஸ்ராஃபா பதிப்பித்த ரிக்கார்டோ தொகுப்பில் எல்லாப் பதிப்பின் பாடபேதமும் அடிக்குறிப்பில் இருக்கிறதே, பழைய பிரதி எதற்கு?"

நியாயமான கேள்வி. ஆராய்ச்சிக்கு அதுதான் வேண்டும், நானும் அதைத்தான் பார்க்கிறேன். 1951இல் தொடங்கி 11 தொகுதி, அப்படியொரு உழைப்பு. தொகுப்பு ஏறக்குறைய முடிந்த சமயத்தில், 1943இல், அயர்லாந்தில் ஒரு வீட்டில் பூட்டிய உலோகப் பெட்டியிலிருந்து ரிக்கார்டோ ஜேம்ஸ் மில்லுக்கு எழுதிய கடிதங்கள் கிடைத்தன. எல்லாவற்றையும் கலைத்து மறுபடி அடுக்க வேண்டியதாயிற்று.

ஆனால் அடிக்குறிப்பில் 'மூன்றாம் பதிப்பில் சேர்ந்தது' என்று படிப்பதும், என்றோ ஒருவர் பென்சிலோடு உட்கார்ந்து சரிபார்த்த அதே தாளைப் பார்ப்பதும் ஒன்றாகிவிடாது. என்னால் இதற்கு மேல் விளக்க முடியவில்லை.

மார்ச் 22

சிலர் நான் மறுகரைக்குத் தாவிவிட்டதாக எழுதுகிறீர்கள். இல்லை. 'மூலதனம்' 1867ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மதிப்பு வடிவம் பற்றித் தனியாக ஒரு பின்னிணைப்பு உண்டு. 1872இல் வரத் தொடங்கிய இரண்டாம் பதிப்பில் முதல் அதிகாரத்தையே மாற்றி எழுதி, அந்தப் பின்னிணைப்பை எடுத்துவிட்டார். ஆக 1867 பிரதியில் மட்டுமே இருக்கும் மார்க்ஸ் ஒருவர் உண்டு. அங்கே முதல் பதிப்புக்கு உண்மையான காரணம் இருக்கிறது. அதேபோல 1872 முதல் 1875 வரை பகுதி பகுதியாக வந்த பிரெஞ்சு மொழிபெயர்ப்பு. மார்க்ஸ் தானே உட்கார்ந்து திருத்தி, மூல நூலைத் தாண்டி இதற்குத் தனி மதிப்பு உண்டு என்று எழுதினார். மொழிபெயர்ப்பு என்று தள்ள முடியுமா?

ஜனவரி 4 குறிப்பை அழிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும். ஆனால் அதில் சொன்ன விதியை விட்டுவிட்டேன். ஆசிரியர் எங்கே எதை மாற்றினார் என்று முதலில் கேட்கிறேன். ஆண்டு அதற்குப் பிறகு.

ஏப்ரல் 3

நௌரோஜி பற்றிக் கேட்டவருக்கு. 'இந்தியாவில் வறுமையும் பிரிட்டிஷ் தன்மையற்ற ஆட்சியும்' 1901, லண்டன், ஸ்வான் சோனன்ஷைன். 1887இல் 'மூலதன'த்தின் முதல் ஆங்கிலப் பதிப்பை வெளியிட்டதும் இதே நிறுவனம்தான். ஆனால் நௌரோஜி அந்த நூலில் சேர்த்தவை பல பழையவை. இந்தியாவின் வறுமை பற்றிய உரை 1876இல் வாசித்தது, 1878இல் தனிப் பிரசுரமாக வந்தது. முதல் பதிப்பு என்று 1901ஐக் காட்டுவதா, 1878ஐக் காட்டுவதா? பழைய விதிக்காரனாக இருந்தால் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பேன். இப்போது இரண்டும் வேண்டும் என்கிறேன்.

அம்பேத்கரின் 'ரூபாயின் பிரச்சனை', 1923, லண்டன், பி. எஸ். கிங். 1947இல் வேறு தலைப்பில் மறுபடி வந்தது. தலைப்பை வைத்து மட்டும் தேடினால் தவறவிடுவீர்கள்.

ஏப்ரல் 19

மால்தஸ். 1798இல் ஆசிரியர் பேரில்லாமல் வந்த சிறு நூல் முதல் பதிப்பு. 1803இல் பேரைப் போட்டு, பல மடங்கு பெருக்கி, க்வார்ட்டோவாக வந்தது இரண்டாம் பதிப்பு. முழுக்கப் புது நூல் என்றே சொல்லலாம். அதன் 531ஆம் பக்கத்தில் ஒரு பத்தி. பெற்றோரால் காப்பாற்ற முடியாமல், சமூகத்துக்கும் உழைப்பு தேவைப்படாமல் பிறந்த மனிதனுக்கு இயற்கையின் பெருவிருந்தில் இலை போடவில்லை என்கிறார். படித்தவர்கள் கொதித்தார்கள். 1806இல் மூன்றாம் பதிப்பில் அந்தப் பத்தி காணாமல் போனது. 1798இலும் கிடையாது. அதனால் அந்தப் பத்தி வேண்டுமென்றால் 1803 பிரதிதான்.

அதைத்தான் ஒரே வரியில் வேண்டாம் என்றேன்.

வியாபாரிக்கு இன்று காலை எழுதினேன். இன்னும் இருக்கிறதாம். 531ஆம் பக்கத்தை நான்கு ஓரமும் தெரியப் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 24

படம் வந்தது. பக்கம் இருக்கிறது, பத்தியும் முழுதாக இருக்கிறது. மேல் ஓரத்தில் கொஞ்சம் பழுப்பு, கீழே யாரோ வெகு நாளைக்கு முன் மடித்து நிமிர்த்திய மூலை. பக்கத்தில் வேறு எழுத்தில்லை. கெய்ன்ஸ் உறைக்கென்று சேர்த்த பணத்திலிருந்து இன்று மாலை அனுப்பிவிட்டேன். புத்தகம் வந்ததும் கம்பித் தடம் எந்தத் திசை என்று எழுதுகிறேன்.